பழனி பாதயாத்திரையில் படுக்கக் கூடாரம் வேண்டுமா, பிவி பை போதுமா?

குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கும்போது, இரவில் வெட்டவெளியில் படுக்கப் பிவி பை மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் துணியைப் பார்த்து வாங்க வேண்டும்.

படுக்கையோடு நம்மையும் சேர்த்து உறைபோல மூடும் இந்த நீர்புகாப் பை, கம்பிகளும் முளைகளும் பெரும்பாலும் இல்லாததால், பல வகைகளில் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் உண்மையான தொல்லை மழை அல்ல, நம் உடலிலிருந்தே எழும் ஈரம். நீராவியை வெளிவிடும் துணியும்கூட, உள்ளிருக்கும் ஈரம் வெளிக்காற்றின் ஈரத்தைவிட மிகுந்திருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் செட்டிநாட்டில் இதற்குள் படுப்பவர் வேர்வையில் நனைந்தே எழுவார். தை மாதத்தில் பனியைத் தடுத்தாலே போதும். வெள்ளிநிறத்தில் பளபளக்கும் அவசரகாலப் பை நீராவியைச் சிறிதும் விடாது, அதை வாங்காதீர்கள்.

முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். மூச்சின் ஈரமே பையை நனைத்துவிடும். கொசுவுக்காக முகப்பகுதியில் வலை வைத்த பையே நல்லது. கண்மாய்ப் பள்ளத்தை விட்டு, மேட்டில் மரத்தடியில் படுத்தால் பனி குறைவாகவே இறங்கும் (புளியமரம் ஆகாது என்று அப்பத்தா சொன்னது நினைவிருந்தால் வேறு மரம் பாருங்கள்). வீட்டு முகப்பில் திண்ணை கிடைத்துவிட்டால், பையைப் பிரிக்கவே வேண்டாம். காலையில் பையின் உட்புறத்தை வெளியே திருப்பி, வெயிலில் உலர்த்திய பிறகே சுருட்டுங்கள்.