அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டின் இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' என்றுதான் பலரும் சொல்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். டிரம்பெட்டுகளும் முரசும் உடனே ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நான் சொல்வது 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. அதிலும் 1945இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்காக அவர் மாற்றியமைத்த வடிவம் வேண்டாம். 13 வாத்தியங்களுக்கென எழுதிய மூல வடிவத்தைத் தேடிக் கேளுங்கள்.

மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக எழுதிய பாலே இசை இது. 1944 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கில் முதன்முதலில் மேடையேறியது. வாத்தியக்காரர்கள் உட்கார அங்கே அதிக இடமில்லை. புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன், பியானோ, இவற்றோடு ஒன்பது தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். அந்தச் சிக்கனம்தான் எனக்கு உயிராகப் படுகிறது. தொடக்கத்தில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது எது எப்போது நுழைகிறது என்பது துல்லியமாகக் கேட்கும். பியானோவின் கூரான அடிகள் நடனக் கால்களைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கும். பிற்பகுதியில், ஷேக்கர் சமயக் குழுவினரின் 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' பாட்டைக் கிளாரினெட் எளிமையாக எடுத்துக் கொடுக்க, அது உருமாறி உருமாறி வளரும். உச்சத்தில் அந்த ஒன்பது தந்தி வாத்தியங்களும் தம் முழு பலத்தையும் கொடுத்து இழுப்பது கேட்கும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் கம்பீரம் உண்டு, இந்தத் தவிப்பு இல்லை.

இத்தனைக்கும் கோப்லண்ட் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, பாரிஸில் நாதியா பூலான்ஜேயிடம் பயின்றவர். எழுதும்போது இந்தத் தலைப்பே கிடையாது. 'மார்த்தாவுக்கு ஒரு பாலே' என்றுதான் குறித்துவைத்திருந்தார். தலைப்பைப் பிறகு கொடுத்தவர் கிரஹாம். ஆனாலும் அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் மலைகளை இசையிலேயே பார்த்ததாகக் கேட்டவர்கள் அவரிடம் வந்து சொன்னார்கள்!

திரைப்பட இசையில் 'அவர் டவுன்' (1940) கேளுங்கள். ஆஸ்கர் பெற்றுத் தந்தது 'தி எய்ரஸ்' (1949) என்றாலும், அதன் தலைப்பு இசையை அவர் எழுதியபடி விடாமல் மாற்றிவிட்டார்கள். அந்தப் பகுதி தன்னுடையதல்ல என்று அவரே அறிவித்தார்.

இவையெல்லாம் பிடித்துப்போன பிறகு 1930இல் எழுதிய 'பியானோ வேரியேஷன்ஸ்' பக்கம் போங்கள். கரடுமுரடானது, முதலில் காதைக் குத்தும். ஆனால் வேண்டாத சுரம் ஒன்றுகூட இருக்காது. அந்த 13 வாத்தியங்களுக்கு எழுதிய அதே கை.