அவர் பெயரில் பரிசு நிதியாம்

வணக்கம் அக்கா,

எனக்கு 46 வயது, ஊர் யாழ்ப்பாணம். சின்ன வயதில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை விடுதியில் நின்று படித்தேன். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த பிரதர் இரண்டு வருடமாக என்னிடம் தவறாக நடந்தார். ஆள் செத்துக் கனகாலம். இப்போது எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரில் பரிசு நிதி தொடங்குகிறார்கள், ஆளுக்கு 25,000 ரூபா. அயர்லாந்தில் இருக்கும் ஒருவன் அங்கத்தைய பாடசாலைகள் பற்றிய அறிக்கையைப் போட்டு, "இவரும் அப்படித்தான், எனக்கு நடந்தது" என்று எழுதினான். செத்த மனுசனில் பழி போடாதே என்று எல்லாரும் அவன்மேல் பாய்ந்தார்கள். நான் "எனக்கும்" என்று தட்டி, அழித்து, திரும்பத் தட்டி, அழித்துவிட்டேன்.

இரவில் விறாந்தையில் அவருடைய திறப்புக் கோர்வை கிலுங்கினால் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். இப்பவும் மனைவி கேற் பூட்டத் திறப்பை எடுத்தால் வயிறு இறுகும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் ஏன் அன்றைக்குக் கத்தவில்லை? மகனுக்கு 11 வயது, அவனைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் வருகிறது. காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவா?

அன்புள்ள தம்பி,

காசு கொடுக்க வேண்டாம். காரணமும் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். தப்பி ஓட வழியில்லாத இடத்தில் உடம்பு விறைத்துப்போகும், குரல் வராது. அது சம்மதம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உங்களுக்கு விடுதியில் சோறு, படுக்கை, வீட்டுக்குப் போக அனுமதி எல்லாமே அந்த மனிதரின் கையில்தானே இருந்தது! மகனைப் பார்த்தால் ஏன் வருகிறது என்றால், 11 வயது எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் கண்ணால் காண்கிறீர்கள். திறப்புச் சத்தத்துக்கு வயிறு இறுகுவதும் அன்று விடுதியில் கிடந்த அந்தப் பிள்ளையின் பயம்தான், சிகிச்சையால் அது தணியும். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இரவில் தாங்க முடியாவிட்டால் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

நண்பன் போட்ட அறிக்கை 2024 செப்டெம்பரில் வந்ததாக இருக்க வேண்டும். அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய 308 பாடசாலைகளில் 2,395 குற்றச்சாட்டுகள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 884 பேர். எத்தனையோ பேர் நரைத்த தலையோடுதான் முதன்முதலில் வாய் திறந்தார்கள். ஆகவே 46 வயது பிந்திப்போன வயது இல்லை.

செத்தவர்மேல் வழக்குப் போட முடியாது, உண்மைதான். ஆனால் ஆயரிடம் எழுத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்று 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் சட்டமாகவே சொன்னார். அதை எப்போது செய்வது, செய்வதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். மனைவியிடம் முழுவதையும் ஒரே இரவில் கொட்ட வேண்டாம். "சின்ன வயதில் எனக்கு ஒன்று நடந்தது, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது", இவ்வளவும் போதும். மகனிடம் மட்டும் பிந்தாதீர்கள். பாதரோ மாஸ்டரோ மாமாவோ, யார் தொட்டாலும் அப்பாவிடம் சொல்லலாம், அப்பா ஏசமாட்டேன் என்று அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் அழைக்கும் இலக்கம் 1929.

அப்புறம் அந்த நண்பன். அத்தனை பேர் ஏசியபிறகு அவன் என்ன ஆனான் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் தட்டித் தட்டி அழித்த அந்த ஒரு சொல்லைக் குழுவில் போட வேண்டாம், அவனுக்குத் தனியாக அனுப்புங்கள்.