கேமராவோடு ஓர் இலையுதிர்கால மதியம், கேம்பிரிட்ஜில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேம்பிரிட்ஜில் இது எனக்கு ஏழாவது இலையுதிர்காலம். விடுமுறை நாள் மதியங்களில் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீங்கள் கேட்டிருந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கெல்லாம் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நவம்பர் முதல் வாரத்தில் ஒரே ஒரு மதியம் வருகிறேன். எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கலாம்?

1 மணிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அதனால் நீங்கள் வரும் வாரத்தில் 4.20 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மாதக் கடைசியில் என்றால் 4 மணிக்கு முன்பே. ஆனால் இதில் ஒரு நல்லது இருக்கிறது. ஊர் 52 டிகிரி வடக்கில் இருப்பதால் உச்சிவேளையில்கூட சூரியன் 22 டிகிரி உயரம்தான் ஏறும். மற்ற ஊர்களில் சாயங்காலம் மட்டும் கிடைக்கிற சாய்ந்த வெளிச்சம் இங்கே மதியம் முழுக்கக் கிடைக்கும். டிரினிட்டி லேன், செனட் ஹவுஸ் பாசேஜ் மாதிரி குறுகிய சந்துகள் சீக்கிரமே நிழலில் மூழ்கிவிடும், அவற்றை முதலில் முடித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போங்கள்.

கிங்ஸ் காலேஜ் சேப்பலை (கல்லூரித் தேவாலயத்தை) மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் கட்டடம் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் வந்தது. கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒன்றுமில்லை, நீங்கள் நின்ற இடம்தான் காரணம். எல்லோரும் முதலில் போய் நிற்பது கிங்ஸ் பரேட் தெருவில். அங்கே கல்லூரி உங்களுக்கு மேற்கே இருக்கிறது, மதியத்துக்குப் பிறகு சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலையில் அழகாக இருக்கும் அதே முகப்பு மதியம் நிழலாகிவிடும். மதியம் வந்தால் கல்லூரிகளின் பின்புறம் போக வேண்டும், அதைத்தான் இங்கே ‘பேக்ஸ்’ என்கிறார்கள். குவீன்ஸ் ரோடு ஓரத்து நடைபாதையில் நின்று கிழக்கே பாருங்கள்: புல்வெளி, அதற்கு அப்பால் ஆறு, இடப்பக்கம் கிளேர் கல்லூரி, நடுவில் சேப்பலின் மேற்கு முகம் முழுக்க வெயிலில். டிக்கெட்டும் வேண்டாம்.

ஜூம் இருந்தால் கல்லையும் கொஞ்சம் கவனியுங்கள், எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது அதுதான். 1446-இல் ஆறாம் ஹென்றி தொடங்கியபோது வெள்ளை வெளேரென்ற மக்னீசியச் சுண்ணாம்புக்கல் போட்டார்கள், இடையில் ‘ரோஜாப் போர்கள்’ என்ற உள்நாட்டுப் போர்கள் வந்து வேலை நின்று நின்று நடந்தது, பிறகு நார்தாம்ப்டன்ஷயர் கல்லுக்கு மாறி 1515-இல் கட்டுமானத்தை முடித்தார்கள். உள்ளே போகிற அன்று வெளிச்சுவர்களில் இந்த நிறமாற்றத்தைத் தேடிப் பாருங்கள். மேகம் மூடிய நாளில் எளிதில் பிடிபடாது, சாய்ந்த வெயிலில் சட்டென்று தெரியும்.

என்னிடம் ஃபோன் மட்டும்தான். கண்ணுக்குத் தகதகவென்று தெரிகிற இலை படத்தில் மங்கலாகிவிடுகிறதே?

இரண்டு காரணம். முதலாவது, ஃபோன் தானாகவே நிறத்தைச் சரிசெய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடும். ப்ரோ மோடு இருந்தால் ‘டேலைட்’ அல்லது ‘கிளவுடி’ வைத்துவிடுங்கள். இரண்டாவது, நாம் எப்போதும் வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு எடுக்கிறோம். இலைக்கு அது சரிப்படாது, வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். கிளைக்கு அடியில் போய் அண்ணாந்து பாருங்கள், நரம்பெல்லாம் கோடு கோடாகத் தெரியும், நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும், ஓரம் ஏற்கெனவே சுருண்டு பழுப்பாகியிருக்கும். பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அதை இலை அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்த வருடங்களில் சிவப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான். திரையில் இலையைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள், நிறம் நிற்கும்.

நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டிய மரப்பாலத்தை எங்கிருந்து எடுக்கலாம்?

சில்வர் ஸ்ட்ரீட் பாலத்தின் மேலிருந்து. பாலம் உங்களுக்கு வடக்கே, வெயில் உங்கள் முதுகுப்பக்கம், தண்ணீரில் பிம்பமும் விழும். ஆனால் படத்துக்குக் கீழே நியூட்டன் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அவர் இறந்தது 1727-இல், பாலம் கட்டியது 1749-இல். வடிவமைத்தவர் வில்லியம் எதரிட்ஜ், கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ், அதன்பிறகு இரண்டு முறை புதுப்பித்தும் விட்டார்கள். ஆணிக் கதையும் உண்மையில்லை, போல்ட்டும் நட்டும் போட்டுத்தான் பூட்டியிருக்கிறார்கள். உண்மையான விசேஷம் வேறு: வளைவாகத் தெரிகிற அந்தப் பாலத்தின் சட்டங்கள் எல்லாம் நேரான கட்டைகள். கொஞ்சம் கிட்டே இழுத்து அதை எடுங்கள்.

அப்புறம், காரட் ஹாஸ்டல் பாலத்தை விட்டுவிடாதீர்கள். பொதுவழி, யாரும் நடக்கலாம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் 1640-இல் கட்டிய கிளேர் பாலம். வெயில் எதிரே அடிப்பதால் ஆறு வெள்ளித்தகடு மாதிரி மின்னும், பாலமும் படகில் கோலைக் குத்தி நிற்பவரும் நிழலுருவமாக வருவார்கள். கைப்பிடிச் சுவர்மேல் 14 கல் உருண்டைகள் உண்டு, ஒன்றில் மட்டும் ஒரு துண்டு வெட்டியெடுத்த மாதிரி இருக்கும்.

கல்லூரிகளுக்குள் ட்ரைபாட் கொண்டுபோகலாமா?

வேண்டாம். தெருவில் நின்று எடுக்கத் தடையில்லை, ஆனால் கல்லூரி தனியார் இடம், வாசலில் இருக்கும் போர்ட்டர் சொல்வதுதான் சட்டம். என்னை ஒரு கல்லூரியில் ட்ரைபாடைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார்கள், அன்று போன அரை மணி நேர வெளிச்சம் திரும்பக் கிடைக்கவில்லை. பல கல்லூரிகளில் கட்டணம் உண்டு, சில நாள் மூடியும் இருக்கும், முந்தின நாளே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும் தங்கக் கடிகாரம், கண்ணாடியில் என் முகம்தான் விழுகிறது.

கார்ப்பஸ் கடிகாரம். 2008-இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தது. முள் கிடையாது, நீல விளக்குகள்தான் நேரம் காட்டும். பகலில் எதிர்த் தெரு முழுக்கக் கண்ணாடியில் தெரியும், அதனால் இருட்டிய பிறகு வாருங்கள். ஃபோனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் பிரதிபலிப்பு போய்விடும், ஆனால் முழு வட்டமும் சட்டத்துக்குள் அடங்காது, அந்தப் பூச்சியின் வாயை மட்டும் எடுங்கள், அதுவே போதும்.

மழை வந்தால் திட்டத்தை விட்டுவிடுவதா?

கூடவே கூடாது. மழை விட்ட அரை மணி நேரத்துக்காக நான் காத்திருப்பேன். கல் பாவிய தரை கண்ணாடியாகிவிடும், குனிந்து தரைமட்டத்திலிருந்து எடுங்கள். போலரைசர் ஃபில்டர் இருந்தால் லென்ஸில் மாட்டுங்கள், அது ஈர இலையின் பளபளப்பை நீக்கி நிறத்தை எடுத்துக் கொடுக்கும்.

கடைசி வெளிச்சத்துக்கு எங்கே நிற்பது?

காசில் மவுண்ட். 1068-இல் நார்மன்கள் கோட்டை கட்டிய மேடு, ஏற இலவசம். ஊர் தெற்கிலும் தென்கிழக்கிலும் விரிந்திருக்கும், நவம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் கோபுரங்களின் வலப்பக்கம் மட்டும் பற்றிக்கொண்ட மாதிரி சிவக்கும். 3.45 மணிக்கெல்லாம் மேட்டின் உச்சியில் இருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அங்கே பத்து நிமிடம் நிற்பேன், விரல் மரத்துப்போகும், கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.