சீனா கத்தோலிக்க நாடா ஆகியிருக்குமா?

அண்ணா வணக்கம். சீனாவுக்குப் போன இயேசு சபை சாமியார் மத்தேயோ ரிச்சி பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நான் தூத்துக்குடி, பரம்பரை கத்தோலிக்கக் குடும்பம். செத்துப்போன முன்னோருக்கு சீனாக்காரங்க செய்யற சடங்க போப் தடை பண்ணாம இருந்திருந்தா இன்னைக்கு சீனாவே நம்ம சபையில இருந்திருக்கும்ல? ஒரே ஒரு ஆணையில எல்லாம் போச்சேன்னு மனசு ஆறல.

அன்புள்ள தம்பி,

அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனா மொத்தப் பழியையும் அந்த ஒரு ஆணை மேல போட்டுட முடியாதுன்னு நெனைக்கிறேன்.

ஆணையால நடந்த சேதம் பெருசுதான். ரிச்சி 1583ல சீனாவுக்குள்ள வந்து, மொதல்ல பௌத்த பிக்கு மாதிரி உடுத்தி, 1595ல அத விட்டுட்டு கன்ஃபூசியஸ்ங்கற பழைய ஞானியோட வழியில வந்த அறிஞர்களோட அங்கிக்கு மாறினாரு. படிச்சவன் வந்தா ஜனங்க பின்னால வருவாங்கன்னு நம்பினாரு, அதனால முன்னோர் சடங்கையும் அவர் தடுக்கல. ஷூ குவாங்சி மாதிரி பெரிய அதிகாரி 1603ல ஞானஸ்நானம் வாங்கினாரு, அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து யூக்ளிட்டோட ஜியோமிதிய சீனத்துல கொண்டு வந்தாங்க. 1692ல காங்ஸி பேரரசர் கிறிஸ்தவத்துக்கு அனுமதியும் கொடுத்துட்டாரு. அப்பதான் ரோம் 1704ல சடங்கு கூடாதுன்னு முடிவெடுத்து 1715ல இன்னும் கடுமையா உறுதி பண்ணுது. அதுக்காக சீனா போன போப்போட தூதர் தூர்னோன், வழியில பாண்டிச்சேரியில இறங்கி நம்ம மதுரை மிஷன்காரங்க அனுசரிச்சு வந்த வழக்கங்களையும் 1704ல கண்டிச்சு ஆணை போட்டுட்டுதான் போனாரு. அப்பா சாவுக்கு சடங்கு செய்யாத மூத்த மகனையும் கன்ஃபூசியஸ் கோயில்ல வணங்காத அதிகாரியையும் அந்த சமூகம் எப்படி ஏத்துக்கும்? என் குடிமக்கள் என்ன செய்யணும்னு சொல்ல ரோம்ல இருக்கறவர் யாருன்னு காங்ஸிக்கும் கோவம். 1724ல அவர் மகன் யோங்ஜெங் முழுசா தடையே போட்டுட்டாரு.

ஆனா ஃபூஜியன் மாகாணத்துல ஃபூஆன்னு ஒரு பகுதி இருக்கு, அதையும் பாக்கணும். அங்க 1630கள்ல வந்த டொமினிக்கன்ங்கற வேற துறவு சபையோட சாமியார்கள் தொடக்கத்துலேர்ந்தே சடங்கு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. ரிச்சி கணக்குப்படி பாத்தா அங்க சபை வேர் பிடிச்சிருக்கவே கூடாது. ஆனா பிடிச்சுது, தடைக்காலத்துலயும் நின்னுது. கல்யாணம் வேண்டாம்னு வார்த்தைப்பாடு கொடுத்த பொண்ணுங்க மடத்துக்குப் போகாம சொந்த வீட்டுலயே இருந்து ஜெபத்தக் காப்பாத்தினாங்க, குடும்பம் குடும்பமா விசுவாசம் தொடர்ந்துச்சு. கொரியாவுல இன்னும் ஆச்சரியம், 1784ல பீஜிங்ல ஞானஸ்நானம் வாங்கிட்டுப் போன ஒருத்தர்லேர்ந்து குரு இல்லாம சாதாரண விசுவாசிகளே சபைய ஆரம்பிச்சாங்க, முன்னோர் பேர் எழுதி வணங்கற பலகைய எரிச்சதுக்காக 1791ல உயிரையே கொடுத்தாங்க. அதே ரோம், அதே தடை. இன்னைக்கு அங்க சுமாரா பத்துல ஒருத்தர் கத்தோலிக்கர், சீனாவுல நூத்துல ஒருத்தர் கூட இல்ல.

அதனால எனக்கு உறுத்தறது வேற இடம், சொந்த ஊர் குருக்கள். 1660கள்ல வெளிநாட்டு சாமியார்கள்ல பெரும்பாலானவங்கள கான்டன் நகரத்துல அடைச்சு வெச்சப்ப மாகாணம் மாகாணமா அலைஞ்சு பூசை வெச்சு ஞானஸ்நானம் கொடுத்தவர் லுவோ வென்ஸாவ், அன்னைக்கு இருந்த ஒரே சீன குரு! அவர் 1685ல பிஷப் ஆனாரு, 1688ல மூணு சீனர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தாரு, அதுல ஒருத்தர் பேர் பெற்ற ஓவியர் வூ லி, அம்பது வயசு தாண்டி லத்தீன் படிச்சவர். லுவோ 1691ல எறந்தாரு. அடுத்த சீன பிஷப் எப்ப தெரியுமா? 1926ல. நடுவுல 235 வருஷம்! சீனத்துலயே பூசை வெக்கலாம்னு 1615லயே போப் அஞ்சாம் பவுல் அனுமதி கொடுத்திருந்தாரு, அதுவும் நடைமுறைக்கே வரல. பின்னால திருப்பலிப் புத்தகத்த சீனத்துல பெயர்த்து அச்சடிச்சும் ரோம் ஒத்துக்கல. குரு ஆகணும்னா லத்தீன், லத்தீன் படிக்கணும்னா வருஷக்கணக்கா ஆகும், வெளிநாட்டுக்காரங்கள வெரட்டினதும் கிராமத்துல பாவசங்கீர்த்தனம் கேக்கக்கூட ஆள் இல்ல. அப்புறம் ஓபியம் போருக்குப் பின்னால பிரெஞ்சுப் பாதுகாப்போட திரும்பி வந்ததும் அது வெள்ளக்காரன் மதம்ங்கற பேர் அழுத்தமா ஒட்டிக்கிச்சு.

நாடே மாறியிருக்கும்னு நான் நம்பல தம்பி. ஆனா லுவோவுக்குப் பின்னால பிஷப்புகள் வரிசையா சீனர்களாவே வந்து, பூசையும் ஜனங்க மொழியில நடந்திருந்தா, சடங்குத் தடை இருந்தும்கூட கொரியா அளவுக்காவது வளர்ந்திருக்கும்ங்கறதுதான் என் எண்ணம்.