ஆட்டிசம் உள்ள மகனுக்கு சர்வீஸ் டாக் தேடலாமா? எங்கள் வீட்டு அனுபவம்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். சர்வீஸ் டாக் வாங்கினால் பயன் இருக்குமா? எங்கே, எப்படித் தேடுவது?

நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகனுக்கு இப்போது பத்து வயது. சர்வீஸ் டாக், அதாவது குறைபாடு உள்ளவருக்கு உதவும் வேலைக்கென்றே பழக்கிய நாய், எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டரை வருஷம் காத்திருந்தோம்.

எங்களை நாய் தேட வைத்தது ஒரே ஒரு விஷயம், அவனுடைய ஓட்டம். நாலரை வயதில் ஒரு நாள் விடியற்காலையில் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தின் நடுவில் மழைத்தண்ணீர் தேங்குவதற்கென்று வெட்டிய குளம் ஒன்று உண்டு. வேலி கிடையாது. நடக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா அவனைப் பார்த்து, கையை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டிருக்கிறார். நான் ஓடிப் போனபோது முழங்கால் வரை நனைந்து, தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

என் கவனக்குறைவு என்று நினைத்து இதை வெளியே சொல்லாமலே இருந்தேன். பிறகு எங்கள் தெரபிஸ்ட்தான் 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றைக் காட்டினார். நாலு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பிள்ளை இப்படி ஓடப் பார்த்ததாக, அதில் பதில் சொன்ன, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் 49 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். அதனால் உங்கள் மகனும் ஓடுகிறவன் என்றால், நாய்க்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கதவுக்கு அலாரம் போடுங்கள், அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வையுங்கள், நீச்சல் வகுப்பில் சேருங்கள். நாய் வர வருஷக்கணக்காகும். அதுவரை பிள்ளையைக் காப்பது இவைதான்.

சரி, நாய் என்ன செய்கிறது? எங்களுடையது லாப்ரடார். மகன் இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து, நாயின் உடம்பில் மாட்டியிருக்கும் மேல்பட்டைக்கு ஒரு சின்ன வார். நாயைப் பிடித்திருக்கும் இன்னொரு வார் என் கையில். அவன் திடீரென்று பாய்ந்தால் நாய் அப்படியே கால் ஊன்றி நின்றுவிடும், அல்லது படுத்துவிடும். எனக்கு இரண்டு மூன்று விநாடி கிடைக்கும். அந்த இரண்டு விநாடிக்காகத்தான் இத்தனையும். பெரியவர் கையில் வார் இல்லாமல் பிள்ளையையும் நாயையும் மட்டும் ஒருபோதும் கட்டி விடக் கூடாது. பிள்ளை எடை கூடக் கூட இந்த ஏற்பாடு பலிக்காது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். நாங்கள் போன வருஷத்தோடு பெல்ட்டை விட்டுவிட்டோம். இப்போது மேல்பட்டையில் இருக்கும் கைப்பிடியை அவனே பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

இன்னொன்று, மெல்ட்டவுன் நேரம், அதாவது எதையும் தாங்க முடியாமல் அவன் கட்டுப்பாடு இழந்துவிடும் நேரம். காதைப் பொத்திக்கொண்டு தலையைத் தரையில் மோதத் தொடங்கும்போது, நான் சொன்னால் நாய் வந்து அவன் கால்மேல் தன் முழு எடையையும் போட்டுப் படுத்துக்கொள்ளும். கனமான போர்வை போல. சில நாள் ஐந்து நிமிஷத்தில் அடங்குவான், சில நாள் நாயையே தள்ளிவிடுவான். தள்ளினால் நாயை அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விடுவேன். அதற்கும் வலிக்கும் இல்லையா?

இதில் பலருக்குத் தெரியாதது, நாயைக் கையாளப் போவது உங்கள் மகன் இல்லை, நீங்கள். மதுரையில் தெருநாய்க்குப் பயந்து சந்து மாறிப் போன பெண் நான். பயிற்சி மையத்தில் இரண்டு வாரம் தங்கிக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் மூன்று நாள் என் குரல் நடுங்குகிறது, நாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றிலிருந்து குரல் எடுத்துப் பேசு, ஒரு முறைதான் சொல்ல வேண்டும், செய்த உடனே பாராட்டு என்று பயிற்சியாளர் விடாமல் சொல்லிக்கொடுத்தார். நாலாவது நாள் நான் சொல்லி அது உட்கார்ந்தபோது அழுதுவிட்டேன். தினமும் இரண்டு வேளை நடை, பல் தேய்ப்பு, நகம் வெட்டல், கால்நடை மருத்துவர், பயிற்சி மறக்காமல் இருக்க தினசரி ஒத்திகை எல்லாம் இன்னமும் என் வேலைதான். ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கும் அம்மாவுக்கு இது சின்ன பாரம் இல்லை. உங்கள் வீட்டில் யார் இதைச் சுமப்பது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகு விண்ணப்பியுங்கள்.

தேடும்போது, இந்த நாய்களைப் பழக்கும் அமைப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 1975இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கேனைன் கம்பேனியன்ஸ் நாயை இலவசமாகத் தருகிறது. எங்கள் பக்கம் இர்விங்கிலும் அவர்களுக்கு மையம் இருக்கிறது. ஒஹையோவில் 1998இல் தொடங்கிய ஃபோர் பாஸ் ஃபார் எபிலிட்டி, இடுப்பு வார் வேலைக்கும், காணாமல் போன பிள்ளையை மோப்பம் பிடித்துத் தேடவும் நாய்களைப் பழக்குகிறது. அங்கே குடும்பம் நிதி திரட்டித் தர வேண்டும். நாங்கள் நாய் வாங்கிய அமைப்பிலும் எங்கள் பங்காக 17,000 டாலர் கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஒன்றும் தரவில்லை. நண்பர்கள் பொங்கல் விழாவில் தோசைக் கடை போட்டு உதவினார்கள். நாய் வாங்கும், பழக்கும், பராமரிக்கும் செலவை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்ட வழி உண்டு, கணக்காளரிடம் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு தப்பும் செய்தோம். ஆறே மாதத்தில் தருகிறேன் என்ற தனியார் பயிற்சியாளர் ஒருவரிடம் 4,000 டாலர் முன்பணம் கொடுத்தோம். அவர் காட்டிய நாய் தள்ளுவண்டிச் சத்தத்துக்கே மிரண்டது. பணம் திரும்பவில்லை. அதே மாதிரி, பணம் கட்டினால் சான்றிதழும் அடையாள அட்டையும் அனுப்பும் இணையதளங்களை நம்பாதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் சர்வீஸ் டாக்குக்குப் பதிவே தேவையில்லை. கடையிலோ ஓட்டலிலோ இரண்டு கேள்விதான் கேட்கலாம்: உடலிலோ மனத்திலோ உள்ள குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. காகிதம் கேட்கக் கூடாது, வேலையைச் செய்து காட்டச் சொல்லவும் கூடாது. வெறும் ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாய்க்கு இந்த உரிமை இல்லை. 2021 ஜனவரியிலிருந்து விமானத்திலும் அப்படித்தான்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டம் கோயிலுக்குப் பொருந்தாது. மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. கோயிலுக்குப் போகும் நாளில் எங்களில் ஒருவர் நாயோடு வீட்டில் இருந்துவிடுவோம். பள்ளிக்கு நாங்கள் அனுப்பவில்லை. அங்கே நாயைப் பிடிக்க ஆளை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், தவிர அவனுக்கு வகுப்பில் தனி உதவியாளர் இருக்கிறார். வேண்டும் என்பவர்கள், மகளின் சர்வீஸ் டாக்கை அனுமதிக்காத பள்ளி நிர்வாகத்தை எதிர்த்து மிச்சிகன் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

பேச்சு வருமா என்று பலர் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் இன்றும் டேப்லெட்டில் தொட்டுத்தான் பேசுகிறான், ஸ்பீச் தெரபி ஒரு வாரம்கூட நின்றதில்லை. மாறியது காலை நேரம். முன்பெல்லாம் எழுந்தவுடனே அலறல்தான். 2010இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 42 குழந்தைகளின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து பார்த்தார்கள். தூங்கி எழுந்ததும் அது 58 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, நாய் வந்த பிறகு ஏற்றம் 10 சதவீதமானது. நாயைக் கொஞ்ச நாள் பிரித்ததும் மறுபடி 48. அந்தக் கடைசி எண் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் நாங்கள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

நாயைக் கூட்டிப் போகவில்லை. நாய்வழி ரேபிஸ் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல், அங்கிருந்து திரும்பும் நாய்க்கு மைக்ரோசிப்பும், கிளம்பும் முன்பே அமெரிக்காவில் வாங்கிய தடுப்பூசிச் சான்றும் கட்டாயம். அது போக மதுரை வெயில். நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். முதல் மூன்று காலையும் பழையபடி அலறல். நாலாம் நாள் அவனே பெட்டியைக் கிளறி அந்தப் பழைய பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வாரின் மறுமுனையைத் தாத்தா கையில் கொடுத்தான். இரண்டு பேரும் தெருமுனை பால் பூத் வரை நடந்து திரும்பினார்கள். ஊரில் இருந்த வரை தினமும் அதே மாதிரி போய் வந்தார்கள்.

உங்கள் மகன் ஓடுகிறவனா, நாயைக் கண்டால் என்ன செய்கிறான், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகளைச் சேர்ந்து பார்க்கலாம்.