ஆயாவின் ஷோகேஸில் இருந்த பழைய கண்ணாடிச் சாமான்களுக்கு மதிப்பு உண்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு மாறும்போது ஆயாவின் ஷோகேஸிலிருந்து பட்டை போட்ட கனமான கண்ணாடிக் கிண்ணங்களும் உயரமான ஒரு ஜாடியும் கிடைத்தன, கையால் செதுக்கியவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரலால் தடவிப் பாருங்கள். செதுக்கியதென்றால் பட்டையின் ஓரம் சுருக்கென்று உறுத்தும். அச்சில் அழுத்தியது மழுமழுவென்று இருக்கும்; மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்றும் ஓடும். அச்சின் துண்டுகள் சேர்ந்த இடம் அது. எங்கள் வீட்டில் இருந்தது எல்லாமே அச்சுச் சரக்குதான்.

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு அழுத்தி எடுக்கும் இந்த வேலை 1820களில் அமெரிக்காவில் சூடுபிடித்தது. 1864இல் வில்லியம் லெய்டன் ஈயம் இல்லாத மலிவான சோடாக் கலவையைக் கொண்டுவந்ததும் விலை இன்னும் இறங்கியது. துரை வீட்டு மேசையில் மின்னியது குமாஸ்தா வீட்டுக்கும் வந்தது. அடிப்பாகத்தையும் பாருங்கள். மயில் தலை இருந்தால் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சவர்பி கம்பெனியின் சரக்கு, 1876 அல்லது அதற்குப் பிறகு. வைர வடிவ முத்திரை என்றால் அந்தச் சாமானின் டிசைன் 1842க்கும் 1883க்கும் இடையில் பிரிட்டனில் பதிவானது.

அந்த உயரமான ஜாடி அநேகமாக செலரி ஜாடி. தண்டு வெளுக்க மண் அணைத்து அணைத்து வளர்க்க வேண்டிய கீரை அது. அதனால் விலை அதிகம், பூங்கொத்து மாதிரி மேசை நடுவில் நிறுத்தி வைப்பார்கள். செலரியைக் கண்ணாலேயே பார்க்காத எங்கள் ஆயா, காவடியில் மிஞ்சிய மயிலிறகை அதில் செருகி வைத்திருந்தார்.

கண்ணாடி விருந்தாளிக்கு, எவர்சில்வர் எங்களுக்கு. துணி துவைக்க வந்த ஜூலு அம்மாவுக்கு நீல விளிம்பு போட்ட எனாமல் குவளை. அது தொட்டிக்கடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். வெள்ளைக்காரர் வீடுகளில் இருந்த ஏற்பாடுதான். ஊரில் இருந்த தனிக்குவளைப் பழக்கத்தை எங்கள் ஆட்கள் கப்பலேறியும் மறக்கவில்லையோ என்றும் எனக்குத் தோன்றும். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தினார்களே, அப்போது ஆயா ஒவ்வொரு கிண்ணத்தையும் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாராம். அம்மா இதைப் பெருமையாகச் சொல்வார். அந்த எனாமல் குவளையும் அதே லாரியில்தான் வந்திருக்கிறது. அதை அவர் சொல்வதில்லை, நான் கேட்டுத்தான் தெரிந்தது.

சரி, விலைக்கு வருவோம். லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சரக்கு என்பதால் பெரிதாக ஒன்றும் தேறாது. அப்புறம், தயவுசெய்து வெந்நீரில் கழுவாதீர்கள். என் அண்ணி அப்படிக் கழுவித்தான் எங்கள் செலரி ஜாடி இரண்டாகப் பிளந்தது. மயிலிறகு இப்போது ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் இருக்கிறது.