சூரைச்செடியின் கீழ்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊர். மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு ஐந்து மாதம். இரவுச் செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியம் முடியமுதலே நித்திரை தூங்கி விழுகிறேன். "தாய் செபிக்காத வீடு உருப்படாது" என்கிறா மாமி. ஞாயிறு பூசையும் தவறுது. பகலில் பிள்ளைகளை ஏசிப்போட்டு இரவில் அழுகிறேன். அவர் நல்லவர், குடியில்லை, அடியில்லை. வயலால் வந்தால் போனும் கையும்தான். ஆண்டவருடைய அருள் என்னைவிட்டுப் போய்விட்டதா?

பதில்: தங்கச்சி, பிள்ளைக்குப் பால் குடுக்க இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர் என்று எழுதவே இல்லை. அதைக் கணக்கில் சேர்க்க உமக்குத் தோன்றவில்லை.

பூசை விஷயம் சின்னது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2181ஆம் எண்ணில், ஞாயிறு கடமைக்கு விலக்குத் தரும் காரணங்களுக்கு உதாரணமாக நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் சொல்லுது. மாமி நம்பாவிட்டால் பங்குச் சுவாமியைக் கேட்கட்டும்.

அருளுக்கு வருவோம். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். அரசி ஈசபேலுக்குப் பயந்து ஓடின இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் இருந்து, "போதும் ஆண்டவரே" என்று சாவைக் கேட்டுவிட்டு நித்திரையாகிப் போறார். (அந்தச் செடி வேறு இனமாம். எனக்கென்னவோ பாவாடை கிழியக் கிழியப் பழம் பிடுங்கின எங்கட சூரைப்பற்றைதான் கண்ணில் வரும்.) வானதூதர் வந்து, ஏன் செபிக்கவில்லை என்று ஏசினாரா? தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் குடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். அதற்கும் ஏச்சில்லை. இரண்டாம் தரம் வந்து, சாப்பிடு, வழி தூரம் என்றார். ஓரேபு மலையும் ஆண்டவரின் மெல்லிய குரலும் அதற்குப் பிறகுதான்.

உமக்கு அந்த அப்பத்தைக் கொண்டுவர வேண்டியவர்தான் போனோடு இருக்கிறார். திருமணத்தில் அருட்சாதனத்தை, அதாவது ஆண்டவரின் அருளைத் தருகிற திருச்சடங்கை, வழங்குவது சுவாமி என்றுதான் கனபேர் நினைக்கினம். இல்லை. எங்கட இலத்தீன் திருச்சபை முறைப்படி மணமக்களே அதை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். சுவாமி திருச்சபையின் சாட்சி. அப்படியென்றால், பிள்ளையைக் கையில் வாங்கி "நீ போய்ப் படு" என்று அவர் சொல்லுவதும் அதில் சேர்த்தி. தானாக விளங்கிக்கொள்வார் என்று காத்திருக்க வேண்டாம். காலபோக வெட்டுக்கு மெஷின் பிடிக்க நாள் பேசுகிற மாதிரி நேரம் வைத்துப் பேசும்: "ஏழிலிருந்து ஒன்பதுவரை சின்னவன் உங்களோட." செபமாலையை அவர் தொடங்கட்டும். நீர் ஒரேயொரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிப்போட்டுப் படும். மடு ஆவணித் திருவிழாவில், 14ஆம் திகதி வேஸ்பர் என்கிற மாலைச் செப நேரம், பிள்ளையை அணைத்தபடி பாயில் நித்திரையாகிக் கிடக்கிற தாய்மாரைக் கண்டிருப்பீர். மாதா அவர்களைத் தட்டி எழுப்பினதாக நான் கேள்விப்படவில்லை.

பிள்ளைகளை ஏசினால், ஆறினபிறகு கூப்பிட்டு "அம்மா பிழை விட்டிட்டன்" என்று சொல்லும். மன்னிப்பைப் பற்றி அவர்கள் படிக்கிற முதல் மறைக்கல்வி அதுதான்.

இன்னொன்று. பிள்ளை நித்திரையான பிறகும் உமக்குக் கண் மூடாவிட்டால், அழுகை நாள்கணக்கில் நிற்காவிட்டால், செத்தால் போதும் என்று இருந்தால், ஒருநாளும் பொறுக்க வேண்டாம். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு வருத்தம், வைத்தியம் இருக்கு. விசுவாசக் குறை என்று யாரும் சொன்னால் காதில் போடாதேயும்.

எங்கட வீட்டில் முதன்முதலாக அவர் மூத்தவளுக்குத் தலை இழுத்த அன்று ஒரு பின்னல் காதுக்கு மேலே, மற்றது கழுத்தடியில். என் கை துடித்தது. அப்படியே பள்ளிக்கு அனுப்பிப்போட்டு, சின்னவனோடு ஒரு மணித்தியாலம் படுத்தேன்.